மைனஸ் பத்தில் யன்னல் துடைக்கலாமா? – தொழில் கேள்வி பதில்

யன்னல் துப்புரவுத் தொழில் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி குளிர்காலத்தைப் பற்றியவை. ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் கடைக் கண்ணாடிகளையும் வீட்டு யன்னல்களையும் நம்பித் தொழில் நடத்துகிறவர்களுக்கு மார்கழி முதல் பங்குனி வரை நான்கு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. ஆகவே இந்த இதழ் முழுக்கவும் அதற்கே. பதில் சொல்பவர்கள் இந்தத் தொழிலில் உள்ளவர்கள்.

பிளாசாக் கடைகளின் கண்ணாடி துடைக்கிறேன். வாளித் தண்ணீரில் காருக்கு விடுகிற நீல வொஷர் திரவம் ஒரு கோப்பை ஊற்றுகிறேன். அப்படியும் மைனஸ் 6, 7 என்று வந்தால் கண்ணாடியிலேயே உறைந்துவிடுகிறது. போத்தலில் மைனஸ் 40 என்றுதானே போட்டிருக்கிறது?
– ஸ்காபரோ வாசகர்

அந்த மைனஸ் 40 போத்தலுக்குள் இருக்கும் திரவத்துக்கு மட்டுந்தான். வாளிக்குள் போனதும் கணக்கு மாறிவிடுகிறது. இந்த வகைத் திரவங்களில் பெரும்பாலும் 40 சதவீதத்தை ஒட்டி மெதனோல் இருக்கும். ஒரு கோப்பை என்பது 250 மில்லிலீற்றர். அதில் மெதனோல் 100 மில்லிலீற்றர்தான். பத்து லீற்றர் வாளிக்குள் அது ஒரு சதவீதம். ஒரு சதவீத மெதனோல் உறைநிலையை அரைப் பாகை அளவுக்குத்தான் இறக்கும். நீங்கள் ஊற்றியது நிறத்துக்கு மட்டுமே உதவியிருக்கிறது.

வேலைக்கு உதவும் அளவு இதுதான். 3.78 லீற்றர் போத்தல் ஒன்றை முழுதாக வாளியில் ஊற்றி, மேலே 6 லீற்றர் தண்ணீர் சேருங்கள். மெதனோல் 15 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். உறைநிலை சுமார் மைனஸ் 8 அல்லது 9. சரிக்குச் சரி கலந்தால் 20 சதவீதம், சுமார் மைனஸ் 12. வன்பொருள் கடையில் மெத்தில் ஹைட்ரேட் என்று விற்பதும் மெதனோல்தான், ஆனால் கலப்பில்லாதது. அதில் ஒன்றரை லீற்றரை எட்டரை லீற்றர் தண்ணீரோடு கலந்தால் சுமார் மைனஸ் 8 கிடைக்கும். நீலச் சாயமும் இல்லை என்பதால் வெள்ளைச் சட்டங்களிலும் வெளிர் நிறக் கல்லிலும் கறை பிடிக்குமோ என்ற பயம் வேண்டாம்.

ஆனால் வாளி உறையாவிட்டாலும் கண்ணாடி உறையும். நீங்கள் பூசுவது மெல்லிய படலம். அதிலிருந்து முதலில் ஆவியாகிப் போவது அல்ககோல், மிஞ்சுவது தண்ணீர். ஆவியாகும்போது அது கண்ணாடியின் சூட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டே போகும். அதனால் வாளிக் கலவையின் உறைநிலை கண்ணாடியின் வெப்பநிலையை விட நான்கைந்து பாகையாவது கீழே இருக்க வேண்டும். பூசியதை உடனே ஸ்குவீஜியால் (தண்ணீரை வழித்தெடுக்கும் றப்பர்ப் பட்டைக் கருவி) இழுத்துவிடவும் வேண்டும். காற்று அடிக்கும் நாளில் பூசியதற்கும் இழுப்பதற்கும் இடையில் கிடைக்கும் நேரம் இன்னும் சுருங்கும்.

சவர்க்காரத்தையும் மறக்காதீர்கள். அல்ககோல் சேர்ந்த தண்ணீரில் நுரை குறையும், றப்பர் கண்ணாடியைப் பிடித்துப் பிடித்து இழுபடும். கோடையில் பத்து லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரச் சவர்க்காரம் போட்டால் குளிரில் ஒன்றரை போடுங்கள். அதற்கு மேல் போட்டால் ஓரங்களில் வெள்ளைக் கோடு காயும்.

மெதனோலுக்குப் பதில் மருந்துக் கடை ஐசோபுரோபைல் அல்ககோல் பாவிக்கலாமா? வீட்டுக்குள்ளும் அதே வாளியைக் கொண்டு போகலாமா?
– ஏஜாக்ஸ் வாசகி

பாவிக்கலாம், ஆனால் செலவு கூடும். ஐசோபுரோபைல் 20 சதவீதக் கலவை மைனஸ் 7 வரையும், 30 சதவீதம் மைனஸ் 15 வரையும் தாங்கும். ஒரு வாளிக்கு இரண்டு மூன்று லீற்றர் தூய அல்ககோல் என்று கணக்குப் பார்த்தால் கடைத்தொகுதி வேலைக்குக் கட்டுப்படியாகாது. அதை ஸ்பிறே போத்தலில் வைத்திருப்பதுதான் புத்தி. கண்ணாடியில் எங்காவது உறைந்துவிட்டால் மருந்துக் கடை 70 சதவீதத்தை அப்படியே அடித்து, உருகியதும் துவாயால் ஒற்றி எடுக்கலாம்.

மெதனோல் வாளி வீட்டுக்குள் போகவே கூடாது. அது நஞ்சு. குடித்தால் கண்பார்வை போகும், உயிரும் போகும். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். மூடிய அறையில் அதன் ஆவி தலைவலியையும் மயக்கத்தையும் கொண்டுவரும், தீப்பிடிக்கவும் கூடியது. உள்பக்கத்துக்கு வேறு வாளி, சாதாரணத் தண்ணீர், சவர்க்காரம், அவ்வளவே. வானுக்குள் வைக்கும் கலவைப் போத்தலில் உள்ளே என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று எழுதி ஒட்டுங்கள். கனடாவில் வேலையிடத்தில் ஒரு இரசாயனத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் லேபல் ஒட்டுவது சட்டப்படி கட்டாயம். தண்ணீர்ப் போத்தலிலோ ஜூஸ் போத்தலிலோ ஊற்றி வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அதை இன்றோடு விடுங்கள்.

இன்னொன்று: கூரையில் இருக்கும் குமிழ் வடிவ யன்னல்களும் சில பஸ் தரிப்பிடத் தட்டிகளும் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். அல்ககோல் பட்டால் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும், திருத்த முடியாது. விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். கண்ணாடியின் கிணுக்கென்ற சத்தத்துக்குப் பதில் மொத்தென்று கேட்டால் அல்ககோல் வேண்டாம்.

ஒரே தெரு, ஒரே காலை, மைனஸ் 10. பழைய மளிகைக் கடைக் கண்ணாடி ஒழுங்காக வந்தது. எதிரே புதிதாகக் கட்டிய பல் வைத்தியசாலைக் கண்ணாடியில் பூசியவுடனேயே பனிக்கட்டி. கலவையில் பிழையா?
– பிரம்ரன் வாசகர்

கலவையில் பிழையில்லை. கட்டடம்தான் வேறு.

பழைய கடையில் ஒற்றைக் கண்ணாடி. உள்ளே 20 பாகை வெப்பம், அது கண்ணாடி வழியாக வெளியே கசிந்துகொண்டே இருக்கும். வெளியில் மைனஸ் 10 என்றாலும் கண்ணாடியின் வெளி முகம் மைனஸ் 3 அளவில்தான் நிற்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடி என்றால் மைனஸ் 6, 7. புதுக் கட்டடங்களில் பூச்சுள்ள மூன்றடுக்குக் கண்ணாடி போடுகிறார்கள். வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. ஆகவே வெளி முகம் கிட்டத்தட்ட காற்றின் குளிரிலேயே, மைனஸ் 9 அளவில் இருக்கும். வீட்டுக்காரருக்கு எரிவாயுக் கட்டணம் மிச்சம், உங்களுக்குத் தலையிடி. பழைய வீடுகளில் குளிருக்கு மேலதிகமாக மாட்டும் வெளி யன்னலும் இதே கதைதான். வெளிக் கண்ணாடிக்கு வீட்டின் சூடு வந்து சேராது.

முகில் இல்லாத இரவுக்குப் பின் விடியற்காலையில் கண்ணாடி காற்றை விடவும் குளிர்ந்திருக்கும். வெப்பம் திறந்த வானத்துக்குப் போய்விடுவதே காரணம். வானொலி மைனஸ் 4 என்று சொல்லும், கண்ணாடியில் மைனஸ் 7 இருக்கும். அதனால் ஒரு அகச்சிவப்பு வெப்பமானி வாங்கி வையுங்கள், விலை பெரிதில்லை. கண்ணாடிக்கு நேர் எதிரே, ஒரு சாண் தூரத்தில் பிடித்து வாசியுங்கள். சரிவாகப் பிடித்தால் கண்ணாடியில் தெறிக்கும் வானத்தின் குளிரையும் சேர்த்து அளந்து பிழையான எண் காட்டும்.

கருவி இல்லாவிட்டால் கீழ் மூலையில் உள்ளங்கை அளவு இடத்தை நனைத்துவிட்டுப் பத்து எண்ணுங்கள். ஏன் கீழ் மூலை என்றால், உறைவதானால் பெரும்பாலும் சட்டத்தை ஒட்டிய விளிம்பில்தான் தொடங்கும். விளிம்பிலிருந்து ஊசி ஊசியாக ஒரு கோடு ஓடி, அதிலிருந்து இறகு போலக் கிளைகள் விரியும். அதைக் கண்டால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

வேலை வரிசையையும் மாற்றுங்கள். கோடையில் வெயிலைத் தவிர்த்து நிழலில் வேலை செய்வீர்கள். மாரியில் வெயிலைத் துரத்திக்கொண்டு போக வேண்டும். காலையில் கிழக்குப் பக்கம், மதியம் தெற்கு, பின்னேரம் மேற்கு. வடக்குப் பக்கம் நாள் முழுக்க நிழல், அதை மைனஸ் 5க்குக் கீழே தொடாதீர்கள்.

சுடுதண்ணீர் பாவித்தால் என்ன?
– மார்க்கம் வாசகர்

கை சுடும் தண்ணீர் வேண்டாம். சாதாரணக் கண்ணாடியின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் இடையே 40 பாகை அளவு வித்தியாசம் வந்தாலே வெடிக்கக் கூடும். விளிம்பில் ஒரு சிறு சிதைவு இருந்தால் அதற்கும் குறைந்த வித்தியாசம் போதும். மைனஸ் 10இல் நிற்கும் கண்ணாடியில் 60 பாகைத் தண்ணீர் பட்டால் வித்தியாசம் 70. கதவுகளில் இருக்கும் டெம்பர்ட் கண்ணாடி (சூடாக்கிப் பலப்படுத்தியது) தாங்கும், பக்கத்து நிலைக் கண்ணாடி தாங்காமல் போகலாம். பார்த்துப் பிரித்தறிவது எல்லாருக்கும் சாத்தியமில்லை.

சுடுதண்ணீரில் அல்ககோலைக் கலந்தால் அது ஆவியாகி உங்கள் மூக்குக்குள் போகும், வாளியில் பலம் குறையும். நீராவி கண்ணாடியில் படிந்து அதுவும் உறையும். வெறும் வெதுவெதுப்பு, 20 முதல் 25 பாகை, போதும். கையுறைக்குள் விரல்களுக்கு அது பெரிய ஆறுதல். மூடியுள்ள வாளி என்றால் சூடு அதிக நேரம் நிற்கும்.

மைனஸ் 8இல் ஸ்குவீஜி கோடு கோடாக விடுகிறது. புது றப்பர் போட்டும் அப்படித்தான்.
– பிக்கரிங் வாசகர்

பெரும்பாலும் நீங்கள் போட்டது கடினமான றப்பராக இருக்கும். தொழில்முறை றப்பர்கள் மென்மை, கடினம் என்று இரண்டு வகையாக வருகின்றன. கோடைக்குக் கடினம் நல்லது. குளிரில் எல்லா றப்பரும் இறுகும், கடினமானது இறுகினால் கண்ணாடியோடு வளைந்து ஒட்டாது. விளிம்பு துள்ளித் துள்ளிப் போகும், ஒவ்வொரு துள்ளலும் ஒரு கோடு. கார்த்திகையில் மென்மைக்கு மாறி, சித்திரையில் திரும்பக் கடினத்துக்கு வாருங்கள்.

இரண்டாவது, றப்பர் குளிரில் சுருங்கும். 45 சென்றிமீற்றர் நீளத்துக்கு ஓரிரு மில்லிமீற்றர் குறையும், றப்பரைப் பிடித்திருக்கும் உலோகச் சனல் அவ்வளவு குறையாது. வீட்டுச் சூட்டில் சனலோடு சரிமட்டமாக வெட்டிப் போட்டால் வெளியே வந்ததும் நுனி உள்ளே போய்விடும். பிறகு சனலின் உலோக முனை கண்ணாடியில் உரசும். கோடு மட்டுமல்ல, கீறலும் விழும். இரண்டு பக்கமும் 3 மில்லிமீற்றர் வெளியே நிற்கும்படி வெட்டுங்கள்.

மூன்றாவது, விளிம்பில் பனி. இழுத்து முடித்ததும் றப்பரின் உதட்டில் ஒரு கோட்டளவு தண்ணீர் தங்கும். நீங்கள் ஏணியை நகர்த்தி வருவதற்குள் அது மணல் மணலாக உறைந்திருக்கும். விரலை ஓடவிட்டால் அரம் போலத் தெரியும். ஒவ்வொரு இழுவைக்கும் பிறகு அல்ககோல் தொட்ட துவாயால் ஒருமுறை துடையுங்கள். வானுக்குள் சூடான இடத்தில் இரண்டாவது ஸ்குவீஜி ஒன்று இருக்கட்டும். மாற்றி மாற்றிப் பாவிக்கலாம்.

இழுக்கும் முறையும் மாற வேண்டும். கோடையில் ஸ்லீவை (தண்ணீர் பூசும் தடியின் துணியுறை) சொட்டச் சொட்ட நனைத்துப் பூசுவோம். குளிரில் அதை நன்றாகப் பிழிந்து, ஒரு மீற்றர் அகலத்துக்கு மேல் ஒரே தடவையில் பூசாமல், பூசிய கையோடு இழுக்க வேண்டும். பெரிய கடைக் கண்ணாடியை இரண்டாக, மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பைத் துவாயால் உலர்த்திவிட்டு அங்கிருந்து தொடங்கினால் மேலிருந்து ஒழுக்கு வராது. கடைசியாகக் கீழ்ச் சட்டத்துக்கு மேலே நிற்கும் தண்ணீர்க் கோட்டை உடனே ஒற்றுங்கள். அதை விட்டுவிட்டு அடுத்த கண்ணாடிக்குப் போனால் திரும்பி வரும்போது அது கண்ணாடியோடு ஒட்டிய பனிக்கட்டி. இரும்பு பிளேட்டால் அதைச் சுரண்டப் போகாதீர்கள். பனிக்குள் மண் துகள் இருக்கும், பிளேட் அதை இழுத்துக்கொண்டு போய்க் கீறும்.

துவாய்கள் ஒரு நாளைக்கு பத்துப் பன்னிரண்டாவது வேண்டும். நனைந்த துவாய் விறைத்துப் பலகையானால் தண்ணீரை உறிஞ்சாது, தள்ளிவிடும்.

பிரதான வீதியோரக் கடைகளில் கண்ணாடியின் கீழ்ப் பாதி வெள்ளைப் பூச்சாக இருக்கிறது. துடைத்தால் மங்கலாகிறதே தவிரப் போவதில்லை.
– மிசிசாகா வாசகர்

வீதி உப்பு. கார்ச் சக்கரங்கள் தெளிக்கும் உப்புத் தண்ணீர் கண்ணாடியில் காய்ந்து படிகிறது. உப்பு தண்ணீரில் கரையும், அதனால் அது கடினமான அழுக்கே அல்ல. சிக்கல் உங்கள் வாளியில். முதல் கடையின் உப்பு முழுதும் ஸ்லீவ் வழியாக வாளிக்கு வந்து, இரண்டாம் கடையிலிருந்து நீங்கள் உப்புத் தண்ணீரைத்தான் பூசிக்கொண்டிருக்கிறீர்கள்.

இரண்டு வாளி வையுங்கள். ஒன்று உப்பை இறக்க. அதில் பழைய ஸ்லீவ் ஒன்று, நிறையத் தண்ணீர் எடுத்து, அழுத்தாமல் மேலிருந்து கீழே வழித்துவிட வேண்டும். அழுத்தக்கூடாது என்பது ஏனென்றால், உப்பு வேலைசெய்யாத கடுங்குளிர் நாட்களில் வீதிக்கு மணலும் போடுவார்கள், அதுவும் இந்தப் பூச்சுக்குள் இருக்கும். ஸ்குவீஜியால் ஒருமுறை இழுத்து அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டு, பிறகு இரண்டாவது வாளியில் வழமையான துடைப்பு. முதல் வாளியை நாலைந்து கடைக்கு ஒருமுறை மாற்றுங்கள். காய்ந்த உப்பைக் காய்ந்த துவாயால் தேய்ப்பது ஆக மோசம்.

உறையாமல் இருக்க வாளிக்குள்ளேயே உப்புப் போட்டால் என்ன என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். உறையாது, உண்மைதான். ஆனால் நீங்கள் எடுக்க வந்த அழுக்கையே பூசிவிட்டுப் போவீர்கள். அலுமினியச் சட்டமும் அரிக்கும்.

தானாகத் திறக்கும் வழுக்குக் கதவுகளின் கீழ்த் தண்டவாளத்தில் ஒரு சொட்டும் விழவிடாதீர்கள். அது உறைந்தால் கதவு நடுவழியில் நின்றுவிடும், கடைக்காரர் கூப்பிடுவது உங்களைத்தான். பூட்டுத் துவாரமும் அப்படியே. கதவுக் கண்ணாடிக்கு ஸ்லீவை விட, நனைத்துப் பிழிந்த துணி நல்லது.

வானிலை அறிக்கையில் மைனஸ் 5, காற்றோடு சேர்ந்தால் மைனஸ் 13 என்கிறார்கள். எந்த எண்ணுக்குக் கலவை செய்வது? கை விறைப்புக்கு என்ன வழி?
– ஒட்டாவா வாசகர்

கலவை மைனஸ் 5க்கு. உடுப்பு மைனஸ் 13க்கு. காற்றுக் குளிர் எண் என்பது உயிருள்ள தோலுக்கானது. எவ்வளவு காற்று அடித்தாலும் உலர்ந்த கண்ணாடி காற்றின் வெப்பநிலைக்குக் கீழே அதனால் போகாது. அங்கே விரைவில் போய்ச் சேரும், அவ்வளவே. நனைந்த கண்ணாடி மட்டும் ஆவியாதலால் கொஞ்சம் கீழே போகும்.

தோலுக்கு, காற்றுக் குளிர் மைனஸ் 28 முதல் 39 வரை என்றால் மூடாத இடத்தில் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைபுண் வரலாம். அது உலர்ந்த தோலுக்கான கணக்கு. நமது கை நனைகிற கை. அதோடு பூச்சியத்துக்குக் கீழே இருந்தும் திரவமாகவே இருக்கும் கலவை விரலில் பட்டால் பனிக்கட்டியை விட மோசம், ஏனென்றால் அது ஆவியாகி மேலும் குளிர்விக்கும்.

கையுறை இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே தண்ணீர் புகாத பீவீசி. ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், இறுக்கமான கையுறைக்குள் இரத்தம் ஓடாது. பருத்தி வேண்டவே வேண்டாம். உள்ளுறை வியர்வையில் ஈரமாகும், மூன்று சோடி கொண்டுபோய் மதியத்துக்குள் ஒருமுறையாவது மாற்றுங்கள். கையை உயர்த்தி வேலை செய்யும்போது தண்ணீர் முழங்கை வரை ஓடி வரும். கையுறையின் வாயை ஜக்கெற் கைக்கு மேலே விட்டு, விளிம்பை மூன்று விரல் அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்துவிட்டால் வழிவது அந்த மடிப்பில் தங்கும்.

விரல் நுனி வெளிறி உணர்வு போனால் உரசாதீர்கள், பனியால் தேய்க்கும் பழைய வைத்தியமும் கூடாது. உள்ளே போய் 37 முதல் 39 பாகைத் தண்ணீரில் வையுங்கள். திரும்ப விறைக்கக்கூடும் என்றால் அன்றைக்கு வெளியே போகக்கூடாது. உணர்வோ நிறமோ திரும்பாவிட்டால், கொப்புளம் வந்தால், உடனே வைத்தியரிடம்.

சுத்திகரித்த தண்ணீர் ஓடும் நீளத் தடியை மாரியில் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்களா? எனது வடிகட்டியில் தண்ணீர் பாதியாகத்தான் வருகிறது.
– வோன் வாசகர்

இருக்கிறார்கள். ஆனால் பூச்சியத்துக்கு மேலே ஏறும் நாட்களில்தான். தை மாதத்தில் நாலைந்து நாள் பனி உருகுமே, அது தடிக்காரரின் நாள். மற்றபடி கழுவிய தண்ணீரை இழுத்து எடுக்காமல் கண்ணாடியிலேயே காயவிடும் முறை இது. உறைநிலைக்குக் கீழே அது காய்வதற்கு முன் உறையும். அல்ககோல் கலக்கவும் வழியில்லை, நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் மெதனோல் தண்ணீரைப் பூஞ்செடியிலும் நடைபாதையிலும் ஊற்ற முடியாது.

பாதியாக வருவதற்குப் பழுது காரணமல்ல. எதிர்ச் சவ்வூடு பரவல் வடிகட்டியின் (தண்ணீரை அழுத்தத்தில் ஒரு சவ்வு வழியே தள்ளிச் சுத்திகரிப்பது) அளவை 25 பாகைத் தண்ணீருக்குச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பாகை குறையும்போதும் சுமார் 3 சதவீதம் குறையும். தையில் குழாய்த் தண்ணீர் 5 பாகையை ஒட்டியே வரும், அப்போது அரைவாசிதான். அழுத்தத்தைக் கண்டபடி ஏற்றாதீர்கள். முதல் நாள் இரவே கராஜில் தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

சவ்வு ஒருமுறை உறைந்தால் அதோடு அது முடிந்தது. தண்ணீர் உறைந்து விரிந்து சவ்வைக் கிழிக்கும். பார்வைக்குத் தெரியாது, மானியில் கரைந்த உப்பின் அளவு திடீரென ஏறும்போதுதான் தெரியும். இரவில் வடிகட்டி வீட்டுக்குள். குழாயில் இருப்பதை முழுதும் வடித்து, இணைப்புகளைத் திறந்தே வையுங்கள்.

ஏணி விஷயத்தில் மாரிக்கென்று தனி எச்சரிக்கை உண்டா? சொட்டிய தண்ணீரில் யாராவது வழுக்கினால் பொறுப்பு யாருடையது?
– கிச்சனர் வாசகர்

ஏணியைப் பனிக்கு மேல் வைக்காதீர்கள், மண்ணோ சீமெந்தோ தெரியும் வரை தோண்டி வையுங்கள். பனி அழுந்தினால் ஒரு கால் மட்டும் இறங்கும். உயரம் நாலடி என்றால் ஏணியின் கால் சுவரிலிருந்து ஓரடி தள்ளி என்ற சரிவு மாரியிலும் அதேதான். ஏணியின் றப்பர்ப் பாதமும் குளிரில் இறுகிப் பிடியை இழக்கும். சப்பாத்துக்கு அடியில் அப்பிய பனியைத் தட்டாமல் முதல் படியில் கால் வைக்காதீர்கள். பனிக்கட்டி தொங்கும் பீலியில் ஏணியைச் சாய்க்கவே கூடாது.

எங்கள் அபிப்பிராயம்: தை, மாசியில் ஏணியே வேண்டாம். நீட்டுத் தடியில் ஸ்குவீஜி மாட்டி நிலத்தில் நின்றே இரண்டாம் மாடி வரை செய்யலாம். அதற்கு மேல் வேலை கேட்டால் வசந்தத்துக்குத் தள்ளிப்போடுங்கள். ஒன்ராறியோவில் 3 மீற்றருக்கு மேலிருந்து விழும் அபாயமுள்ள வேலையாளுக்கு விழாமல் காக்கும் ஏற்பாடு செய்வது தொழில்தருநரின் கடமை. கயிறும் பட்டியும் பனி பிடித்தால் அந்த ஏற்பாடே பலவீனம்.

சொட்டிய தண்ணீருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் முதலில் நீங்கள்தான். அல்ககோல் கலந்ததுதானே, உறையாது என்று நினைக்க வேண்டாம். அல்ககோல் பறந்துவிடும், அரை மணிக்குப் பிறகு நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் மிஞ்சும். யன்னலடியில் பழைய துவாயை நீளமாக விரித்து வேலை செய்யுங்கள். வாளிக்குக் கீழே ஒரு தட்டு. போகும்போது ஈரமான இடத்தில் கல்சியம் குளோரைட் ஒரு பிடி தூவுங்கள். சாதாரண உப்பு மைனஸ் 10க்குக் கீழே சோம்பும், இது மைனஸ் 25 வரை வேலை செய்யும். புதுச் சீமெந்திலும் இயற்கைக் கல் படிகளிலும் இரண்டையும் போடாதீர்கள், மேற்பரப்பு செதில் செதிலாக உரியும். அங்கே மணல். கிளம்புவதற்கு முன் ஈர நடைபாதையைக் காலால் சோதியுங்கள். தூவிய பிறகு ஒரு படம் எடுத்து வைப்பது காப்புறுதிக்கு உதவும்.

யன்னலின் உள்பக்கத்தில் பனி கட்டுகிறது. இரண்டு கண்ணாடிக்கு நடுவிலும் மங்கல். துப்புரவுக்காரர் எடுத்துத் தருவாரா?
– மொன்றியல் வாசகி

உள்பக்கப் பனி வீட்டுக்குள் ஈரப்பதம் கூடியதன் விளைவு. நம்முடைய சமையலில் நீராவி அதிகம், விசிறியைப் போடுங்கள், திரைச்சீலையைப் பகலில் விலக்கி வையுங்கள். வெளியே மைனஸ் 20 என்றால் உள்ளே ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். நடுவில் மங்கல் என்றால் இரண்டு கண்ணாடிக்கும் இடையே காற்றுப் புகாமல் அடைக்கும் விளிம்பு ஒட்டு பழுதாகிவிட்டது. எவராலும் துடைக்க முடியாது, அந்தக் கண்ணாடிச் சோடியை மாற்றத்தான் வேண்டும். துடைத்துத் தருகிறேன் என்று சொல்கிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மாரியில் கூடுதலாகக் கேட்கலாமா? வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார்.
– ஸ்காபரோ, இன்னொரு வாசகர்

கேட்கத்தான் வேண்டும், ஆனால் பனி விழுந்த பிறகு அல்ல. புரட்டாதியில், ஒப்பந்தம் எழுதும்போதே. வாளிக்கு ஒரு போத்தல் திரவம், இரு மடங்கு துவாய், ஒன்றரை மடங்கு நேரம் என்று செலவைப் பிரித்துக் காட்டினால் பெரும்பாலான கடைக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். அவர்களும் வியாபாரிகள்தானே. காகிதத்தில் இரண்டு வரி இருக்கட்டும்: மைனஸ் 10க்குக் கீழே வெளிப்பக்கம் செய்யப்படாது, ஏழு நாளுக்குள் இன்னொரு நாள் தரப்படும். அன்றைக்கு உள்பக்கம் மட்டும் செய்தால் உள்பக்கத்துக்கு மட்டும் பணம்.

வீட்டு வேலை எடுக்கிறவர்கள் இன்னொரு வரியும் சேருங்கள். மாரியில் வலைத் தட்டிகளையும் உள்ளே சாயும் பிளாஸ்ரிக் யன்னல்களையும் கழற்ற மாட்டோம் என்று. மைனஸ் 10இல் அந்தப் பிளாஸ்ரிக் கொளுவிகள் விரல் பட்டாலே முறியும். பழைய மொடலுக்கு மாற்றுக் கொளுவி தேடி அலைவது நீங்கள்தான்.